வீடு எழுமுன் மனையைப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்றனர் நம் பெரியோர். வீட்டைக் கட்டுமுன் மனையைப் பார் என்று நாமும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். 1970களில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்த பின் ஓசூர் விரைந்து வளர்ந்தது; 2019-ல் மாநகராட்சியும் ஆயிற்று. முன்பு கேழ்வரகு விளைந்த பல வயல்கள் இன்று வீட்டு மனைகளாகிவிட்டன. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டுவோர், முதற்கல்லை வைக்குமுன் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, தண்ணீரின் வழியை அறிதல். ஏரிகள் நிறைந்தது நம் பகுதி. ஓர் ஏரி நிரம்பினால் உபரி நீர் ஓடை வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். கோடையில் அந்த ஓடை வெறும் பள்ளமாகத் தோன்றும். மழை வந்தாலோ நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை! 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. நிறுத்தியிருந்த வாகனங்களையும் வெள்ளம் இழுத்துச் சென்றது. ஆகவே மனை வாங்கும்போதே ஓடை, வாய்க்கால், ஏரி எங்கெங்கே உள்ளன என்று கிராம வரைபடத்தில் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, மண். புதர்களை வேரோடு நீக்கி, மேல்மண்ணை அரையடி அளவு வெட்டி ஒதுக்க வேண்டும். வேரும் மட்கிய இலையும் கலந்த அந்த மண் பாரம் தாங்காது. தோட்டத்துக்கோ அதுவே நல்லது. பின்பு இரண்டு மூன்று இடங்களில் குழி தோண்டிப் பார்க்க வேண்டும். ஒரு மூலையில் கருங்கற்பாறையும் மறுமூலையில் கொட்டி நிரப்பிய மண்ணும் இருந்தால், ஒரு பக்கம் அசையாது, மறுபக்கம் அமிழும், சுவர் வெடிக்கும். ஆகையால் நிரப்பிய மண்ணைத் தாண்டிக் கெட்டித் தரை வரும்வரை தோண்டியே கடைக்கால் போட வேண்டும். தரையை உயர்த்துவதானால் மண்ணை அடுக்கடுக்காகப் பரப்பி, நீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் திமிசு போட்டு இறுக்க வேண்டும்.

மூன்றாவது, அளவு. கயிறு கட்டிச் சுண்ணாம்புத் தூளால் கோடு போடும் கொத்தனார், மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் குறித்து, அவ்விரு குறிகளுக்கு இடையே சரியாக 5 அடி வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் மூலை செங்கோணம். நாம் வகுப்பில் படிக்கும் பிதாகரஸ் தேற்றமே அது!

இந்த வேலைகளெல்லாம் பின்னர் மண்ணுக்குள் மறைந்துவிடும். குடிபுகும் நாளில் வருவோர் வண்ணத்தையும் வாசற்கதவையுமே புகழ்வர். ஆனால் பல மழைக்காலங்களைக் கடந்து அந்த வீட்டை நிற்க வைப்பது, கண்ணுக்குத் தெரியாத இந்தச் சில நாள் உழைப்பேயாகும்.