ஒரு கட்டிக்குள் பல பகைவர்கள்

புற்றுநோயைக் கண்டு அஞ்சிய காலம் மெல்ல மாறி வருகிறது. நாள்தோறும் ஒரு மாத்திரையுடன் பல்லாண்டு வாழும் ரத்தப் புற்றுநோயாளிகள் இன்று உண்டு. ஆனால், மூளையில் தோன்றும் கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய புற்றுநோய்க்கு அத்தகைய மருந்து இன்னும் வாய்க்கவில்லை.

573 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வுதான் இன்றைய அடிப்படைச் சிகிச்சையை வகுத்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேரே 12.1 மாதங்களைக் கடந்தனர். அதனுடன் டெமோசோலமைடு மருந்தும் பெற்றவர்களுக்கு அது 14.6 மாதங்களாக உயர்ந்தது. இரண்டாண்டுகளைக் கடந்தவர்களின் விகிதம் 10.4-இலிருந்து 26.5 விழுக்காடானது. அது முன்னேற்றமே என்றாலும், போதுமான முன்னேற்றம் அன்று.

இதற்கு இரு காரணங்கள் வழக்கமாகக் கூறப்படும். பெரும்பாலான மருந்துகளை மூளைக்குள் நுழையவிடாமல் ரத்தக்குழாய்ச் சுவர்கள் தடுத்துவிடுகின்றன என்பது ஒன்று. கட்டியின் செல்கள் நலமான திசுக்களுக்குள் ஊடுருவி விடுவதால் அறுவையில் முழுமையாக அகற்ற இயலாது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆயினும், மூன்றாவது காரணமே ஆழமானது என்று கருதுகிறேன். ஒரு நோயாளியின் தலைக்குள் இருப்பது ஒரே நோயன்று. வேறுபட்ட பல செல் குடும்பங்களின் கூட்டம்.

இந்த ஐயம் புதிதன்று. 1926-இல் மூளைக் கட்டிகளை வகைப்படுத்திய பெர்சிவல் பெய்லியும் ஹார்வி குஷிங்கும் இக்கட்டியின் பெயரோடு ‘பல உருவம் கொண்டது’ என்னும் பொருள்படும் சொல்லைச் சேர்த்தனர். அவர்கள் நுண்ணோக்கியில் கண்டது புறத்தோற்றத்தை. 2014-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஐந்து நோயாளிகளின் கட்டிகளிலிருந்து 430 செல்களைத் தனித்தனியே பிரித்து, எந்தெந்த மரபணுக்கள் செயல்படுகின்றன என்று ஆராய்ந்தனர். ‘இவருடைய கட்டி இந்த வகை’ என்று அதுவரை பிரித்து வைத்திருந்த வகைகள் பலவும் ஒரே கட்டிக்குள் கலந்திருந்தன.

வேற்றுமை இருக்குமிடத்தில் பரிணாமமும் நிகழும். புற்றுக்கட்டி டார்வின் கூறிய இயற்கைத் தேர்வின்படியே வளர்கிறது என்பதை 1976-இலேயே பீட்டர் நோவெல் விளக்கினார். பருத்தி வயலில் ஒரே பூச்சிக்கொல்லியைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் என்ன ஆகும் என்பதை உழவர்கள் அறிவர். மருந்துக்கு மடியாத சில பூச்சிகள் தப்பிப் பெருகி வயலையே நிறைக்கும். கட்டிக்குள் நிகழ்வதும் அதுவே.

இதற்கு ஒரு தடுப்பூசியின் கதை தக்க சான்று. இக்கட்டிகள் சிலவற்றில் மட்டும் காணப்படும், நலமான செல்களில் இல்லாத, பிறழ்ந்த புரதம் ஒன்று உண்டு. அதனைக் குறிவைத்து உருவான ரிண்டோபெபிமட் பெரும் நம்பிக்கை அளித்தது. 2017-இல் வெளியான பெரிய ஆய்வின் முடிவில் அதனால் வாழ்நாள் நீளவில்லை. திரும்ப வளர்ந்த கட்டிகள் பலவற்றில் அந்தப் புரதம் மறைந்திருந்தது. தடுப்பூசி பெறாதவர்களிடமும் அவ்வாறே மறைந்திருந்ததுதான் வியப்பு. அம்பு எய்யாத போதும் இலக்கு இடம் மாறிக்கொண்டிருந்தது.

சிகிச்சையே பிறழ்வுகளைப் பெருக்குவதும் உண்டு. டெமோசோலமைடு செல்லின் மரபுப்பொருளைச் சிதைத்தே அதனைக் கொல்கிறது. பழுது நீக்கும் அமைப்பு கெட்டுப்போன சில செல்கள் சாகாமல் அந்தச் சிதைவுகளைச் சுமந்து பெருகுவதால், மீண்டும் தோன்றும் சில கட்டிகளில் பிறழ்வுகள் பன்மடங்காகின்றன. இதற்காக அம்மருந்தை மறுப்பது தவறு. இன்று அதனினும் சிறந்த துணை பெரும்பாலோருக்கு இல்லை.

மரபணுப் பரிசோதனை பயனற்றது என்பதும் என் வாதமன்று. நோயைச் சரியாகப் பெயரிடவும், டெமோசோலமைடு யாருக்குக் கூடுதலாகப் பயன்தரும் என்று கணிக்கவும் அது இன்றியமையாதது. ஆனால், ஒரு மூலையிலிருந்து எடுத்த சிறு துண்டு, அந்த நாளின், அந்த இடத்தின் செய்தியை மட்டுமே தரும். ஓராண்டுக்குப் பின் திரும்பிய கட்டிக்குப் பழைய அறிக்கையை வைத்து மருந்து தேர்வது, பழைய வாக்காளர் பட்டியலைக் கொண்டு புதிய தேர்தலை நடத்துவது போன்றது. இயலுமிடத்தில் மறுபடியும் திசு எடுத்துச் சோதிப்பது நடைமுறையாக வேண்டும்.

இரண்டாவதாக, ஒற்றை இலக்கு மருந்துகளின் மீதான மோகம் தணிய வேண்டும். ஒரே மருந்தால் காசநோயை வெல்ல முடியாது என்பதை மருத்துவ உலகம் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே கற்றது. அதனால்தான் இன்றும் பல மருந்துகளைச் சேர்த்துத் தருகிறோம். மூளைக் கட்டியிலும் அந்தத் திசையில் முயற்சிகள் தொடங்கியுள்ளன. 2024-இல், இரு வகை இலக்குகளைத் தாக்கும்படி மாற்றியமைத்த நோயெதிர்ப்புச் செல்களை மூன்று நோயாளிகளுக்குச் செலுத்தியபோது, கட்டிகள் சில நாள்களிலேயே சுருங்கின. இருவரிடம் அந்தப் பயன் நீடிக்கவில்லை. வழி தென்படுகிறது, ஊர் இன்னும் தொலைவில் இருக்கிறது.

‘உங்கள் மரபணுவுக்கேற்ற மருந்து’ என்ற விளம்பரத்தை நம்பி வீட்டையும் நிலத்தையும் விற்கத் துணியும் குடும்பங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இம்மருந்து கட்டியின் எல்லாச் செல்களையும் தொடுமா? தொடாவிட்டால், மிஞ்சுபவற்றுக்கு என்ன திட்டம்? விடை தெளிவாக இல்லையெனில், முறைப்படி நடக்கும் மருந்தாய்வில் சேர இயலுமா என்று விசாரிப்பதே சிறந்தது.