ஏழு எண்கள், கையில் ஒரே ஒரு பூமி

சந்திரயான்-3 2023 ஜூலை 14 அன்று கிளம்பிய ஸ்ரீஹரிகோட்டா, திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. நடுவில் பழவேற்காடு ஏரி. நிலவில் இறங்கிய லேண்டரை எல்லோருக்கும் தெரியும். அதைச் சுமந்துபோன உந்துகலத்தில் இருந்த 'ஷேப்' கருவியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அதன் வேலை பூமியைப் பார்ப்பது!

தொலைதூரக் கோள்களில் உயிர் உண்டா என்பதை அவற்றின் ஒளியைப் பிரித்துத்தான் கணிக்க வேண்டும். உயிர் இருப்பது உறுதியான ஒரே கோள் பூமி. அதன் அகச்சிவப்பு ஒளியைத் தூரத்திலிருந்து பதிவு செய்தால், ஒப்பிட ஒரு மாதிரி கிடைக்கும்.

உயிரைத் தாண்டி, பால்வெளியில் நம்மோடு பேசக்கூடிய நாகரிகங்கள் எத்தனை? 1961-இல் வானியலாளர் ஃபிராங்க் டிரேக் ஏழு எண்களைப் பெருக்கி விடை காண வழி சொன்னார். விண்மீன்கள், கோள்கள் பற்றிய எண்கள் இப்போது ஓரளவு கைவசம். சூரியக் குடும்பத்துக்கு வெளியே 6,000-க்கு மேற்பட்ட கோள்கள் உறுதியாகியிருக்கின்றன. உயிர் தோன்றும் வாய்ப்பு எவ்வளவு என்ற இடத்தில்தான் கணக்கு முட்டி நிற்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இங்கே பானைகள் கோடிக்கணக்கில், கையில் ஒரே பருக்கை.

2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வானியலாளர் நிக்கு மதுசூதனின் குழு, 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி கோளில் டைமெத்தில் சல்ஃபைடின் தடயம் தெரிவதாக அறிவித்தது. பூமியில் கடலின் நுண்பாசிகளால் உண்டாகும் வாயு அது. ஆனால் சான்று போதாது என்று பல வானியலாளர்கள் மறுத்தார்கள்.

உயிர் தோன்றினாலும் அறிவு வளர்ந்து, கருவி பிறக்க வேண்டும். அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும்? திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. 1863-இல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அடையாளம் கண்ட கற்கால இடம் அது. குவார்ட்சைட் கல்லை இருபுறமும் செதுக்கி, நுனியைக் கூராக்கிய கைக்கோடரிகள் அங்கே கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 'சயின்ஸ்' இதழில் எழுதியது.

பூமியில் உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுகளாவது ஆகின்றன. ரேடியோ வந்து ஏறக்குறைய 130 ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் வெளியிலிருந்து யாராவது ரேடியோவில் காதுகொடுத்திருந்தால், உயிர்கள் நிறைந்த இந்தப் பூமியிலிருந்து ஒரு சத்தமும் கேட்டிருக்காது. எனவே, வானிலிருந்து பதில் வராததை வைத்து அங்கே உயிரே இல்லை என்று முடிவுகட்டுவது தவறு.

அத்திரம்பாக்கத்துக்கு அருகே, பூண்டியில் தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போய், அந்தப் பகுதியின் கற்கருவிகளைக் காட்டுங்கள்.