155ஆம் கட்டையிலிருந்து கண்டிக்கு

எங்கள் ஊரில் ஏ-9 வீதி என்று யாரும் சொல்வதில்லை. கண்டி வீதி என்றுதான் சொல்வோம். கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று ஓர் இடம் இருக்கிறது. கண்டியிலிருந்து மைல் கணக்கில் எண்ணி வந்த கட்டை அது. வீட்டு விலாசத்தில் கண்டி வீதி, கடைப் பலகையில் கண்டி வீதி, பிள்ளையின் பாடசாலைக் கடிதத்திலும் கண்டி வீதி. அப்படியிருந்தும் 52 வயது வரைக்கும் நான் கண்டியைக் கண்ணால் கண்டதில்லை.

கலண்டரில் கண்டிருந்தேன். 2010இல் மீள்குடியேறி வந்தபோது ஒரு கடைக்காரர் தந்த கலண்டர். தறப்பாள் கொட்டிலின் தடியில் கட்டியிருந்தேன். கண்டி வாவி, நுவரெலியாத் தேயிலை மலை, காலிக் கோட்டை என்று மாதத்துக்கொரு படம். ஆண்டு முடிந்த பிறகும் அதைக் கழற்ற மனம் வரவில்லை.

அந்த நாட்களில் முறிகண்டிப் பிள்ளையாருக்கு முன்னால் நான் கச்சான் விற்றேன். பாதை திறந்த பின் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்ப்பார்கள், ஆனையிறவைப் பார்ப்பார்கள், போகிற வழியில் எங்களையும் பார்ப்பார்கள். ஒருமுறை ஓர் அம்மா என்னையும் மகளையும் கொட்டிலோடு சேர்த்துப் படம் எடுத்தார். கெட்ட எண்ணத்தோடு அல்ல. மகளுக்கு ஒரு பிஸ்கட் பைக்கற்றும் தந்தார். அந்தப் படம் இன்று யார் வீட்டில் கிடக்கிறதோ! இவர்கள் எங்கள் ஊரைப் பார்க்கிறார்களே, நானும் ஒருநாள் இவர்களுடைய ஊரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

நினைத்தது நடக்க 13 வருடம் ஆயிற்று. 2023 புரட்டாதியில் எனக்குச் சீட்டு விழுந்தது. நாற்பதாயிரம் ரூபா. கூரைக்கு ஓடு மாற்றலாம் என்றாள் மகள். ஓடு அடுத்த சீட்டில் பார்ப்போம் என்றேன்.

“தனியவோ அம்மா? மாமாவையாவது கூட்டிக்கொண்டு போங்கோவன்.”

மாதர் சங்கத்தோடு நான் கதிர்காமம் போயிருக்கிறேன். அந்தப் பயணத்தில் நான் பார்த்தது சோற்றுப் பானையும் மற்றவர்களின் பிள்ளைகளும்தான். இந்த முறை யாருக்கும் சமைக்காமல் போக ஆசைப்பட்டேன். அயலில் கதைத்தார்கள்தான். புருஷன் இல்லாத பெண் வாசலைத் தாண்டினாலே கதைக்கிற ஊர், கண்டிக்குப் போனால் கதைக்காதா?

வவுனியா, தம்புள்ளை, மாத்தளை என்று பஸ் ஏறி இறங்கி, பின்னேரம் நாலு மணிக்குக் கண்டியில் இறங்கினேன். முதலில் போன விடுதியில் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். “மஹத்தயா கோ?” என்று கேட்டார்கள். ஐயா எங்கே என்று. இல்லை என்றேன். அறையும் இல்லை என்றார்கள். இரண்டாவது இடத்தில் அறை கிடைத்தது, ஆறாயிரம் ரூபா. அறுபது பைக்கற் கச்சான் என்று மனம் உடனே கணக்குப் போட்டது. யன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர்.

வாவி அங்கேதான் இருந்தது. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டிய வாவி. நாயக்கர் வம்சத்தவன், வேலூரில் சிறையிருந்து 1832இல் செத்துப்போனவன். ஆனால் கலண்டரில் தெரியாத ஒன்று, வாவியின் கரையோடு போகிற வாகன நெரிசல். நகரம் மலைகளுக்கு நடுவே கிண்ணம் போலக் கிடப்பதால் புகை வெளியேற வழியில்லை. மர நிழலில் நடந்தால் மேலிருந்து பறவைகளின் எச்சம். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஒரு சுற்று வந்தேன். கால் வலித்ததே தவிர, மனதில் எதுவும் அசையவில்லை.

தலதா மாளிகைக்குள் போகச் சோதனை உண்டு. 1998இல் அங்கே குண்டு வெடித்தது எங்களுக்கும் தெரியும். என்னைச் சோதிக்க நின்ற பெண் பிள்ளை மரியாதையாகத்தான் நடந்தாள். அவள் ஒன்றும் சொல்லுமுன்னே என் இரண்டு கைகளும் தாமாக உயர்ந்துவிட்டன. அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே போய் நின்ற நேரம் முழுக்க அந்தக் கைகளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கப் பேழையைத் தூரத்தில் ஒரு கணம் கண்டேன். பின்னால் நின்ற சனம் தள்ளியது.

வெளியே வந்தால் எதிர்ப்பக்கம் சிறியதொரு தேவாலயம். பத்தினி தேவாலயம் என்றார்கள். பத்தினி என்றால் நம் கண்ணகிதான். அம்மாவின் ஊர் வற்றாப்பளைப் பக்கம். வைகாசிப் பொங்கலுக்கு எங்களை நடத்திக் கூட்டிப்போவா. கண்டியில் கண்ணகி இருக்கிறாள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கையில் குழந்தையோடு ஒரு சிங்களப் பெண் கண்ணை மூடி நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் நானும் நின்றேன். பூசகர் சொன்னது விளங்கவில்லை, பெயர் மட்டும் விளங்கியது. பார்த்ததை உடனே ஒருவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆள் இல்லை. தனிப் பயணத்தின் பெரிய குறை எனக்கு அதுதான். விடுதிக்காரரின் கேள்வியைக்கூடப் பொறுக்கலாம்.

பேராதனைப் பூங்காவைக் குறை சொல்ல மாட்டேன். 147 ஏக்கரில் மரங்கள். ஒரு மரத்தின் கீழே பகல் முழுக்கப் படுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் நானுஓயாவுக்குப் புகையிரதம். ஆசன முற்பதிவு என்றோ முடிந்துவிட்டதாம். மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டு போனேன். கதவுகளில் வெளிநாட்டுப் பிள்ளைகள் தொங்கி ஒருவரையொருவர் படம் எடுத்தார்கள். மலை அவர்களுக்குப் பின்னால் இருந்தது. எனக்கு அவர்களின் முதுகுப் பைகள் தெரிந்தன.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே. புரட்டாதிக் குளிர் என்றால் நமக்கு என்ன தெரியும்! இரவல் சுவெற்றர் போதவில்லை. சிவப்புச் செங்கல் தபால் கந்தோருக்கு முன் படம் எடுக்க வரிசை நின்றது. கடிதம் போட யாரும் போனதை நான் காணவில்லை. கிரகரி வாவிக்கு நுழைவுச் சீட்டு, அன்னப் படகுக்கு வேறு சீட்டு, குதிரைக்கு வேறு காசு. குதிரையின் விலா எலும்புகளை எண்ணலாம். கரையில் உட்கார்ந்து ஒரு சோளம் தின்றுவிட்டு எழும்பினேன். இதற்காகவா 13 வருடம் என்று அழுகை வந்தது. குளிரில் மூக்கு வடிந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த நாள் நகரத்துக்கு வெளியே, வீதி வளைவில், கூடையோடு ஒரு பெண் நின்றாள். வான்கள் நிற்கும், ஆட்கள் இறங்கி அவளோடு படம் எடுப்பார்கள், கையில் காசு வைப்பார்கள். அவள் ஒரே சிரிப்பைத் திரும்பத் திரும்பச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். முறிகண்டியில் அதையே நானும் சிரித்திருக்கிறேன். என்னுடைய தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கிட்டப் போனேன்.

“படம் எடுக்கலையா அக்கா?”

“இல்லை தங்கச்சி. கால் வலிக்குது, கொஞ்ச நேரம் இருக்கலாமோ?”

அவள் கூடையைக் கவிழ்த்துப் போட்டாள். கிளிநொச்சி என்றதும் முகம் மாறிற்று. அவளுடைய சித்தப்பா 1977 கலவரத்தோடு பாரதிபுரம் பக்கம் போனவராம். பிறகு கடிதம் நின்றுபோனதாம். அன்றைய நாட்சம்பளம் ஆயிரம் ரூபா. தோட்டம் கேட்கிற கிலோவைப் பறித்தால்தான் அதுவும் முழுதாக வரும். “மொழங்காலு போயிருச்சி அக்கா. மலை ஏற முடியல. அதான் இங்கின நிக்கிறேன்” என்றாள். பின்னேரம் லயத்துக்குக் கூட்டிப்போய் ரொட்டியும் கட்டச் சம்பலும் தந்தாள். ஓர் அறையில் ஆறு பேர். யன்னலுக்கு அப்பால் என்னுடைய கலண்டர் மலை, அதே பச்சை. அவள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ரொட்டி சுட்டாள்.

காலிக்குப் போகக் காசு போதவில்லை. காலிக் கோட்டை கலண்டரிலேயே இருக்கட்டும் என்று வீட்டுக்கு வந்தேன். எப்படி என்று கேட்டவர்களிடம், “குளிர், சரியான விலை” என்றேன். அவர்களுக்கு ஒரே திருப்தி.

போக நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அறையைத் தொலைபேசியில் முன்கூட்டியே பேசி, தனியாக வருகிறேன் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். இருட்டுமுன் போய்ச் சேருங்கள். கட்டாயம் சுவெற்றர் கொண்டுபோங்கள். ஏமாந்து வந்தாலும் பரவாயில்லை. நான் திரும்பவும் போவேன்.

சித்தப்பாவைப் பாரதிபுரத்தில் விசாரித்தேன். அவர் இல்லை. அவருடைய மகள் ஒருத்தி இருந்தாள், தையல் தைக்கிறாள். இரண்டு பேரையும் தொலைபேசியில் பேச வைத்தேன்.

2025 கார்த்திகையில் டித்வா புயல் வந்து மலைநாடு சரிந்தபோது இரண்டு நாள் தங்கச்சிக்கு அழைப்பு எடுத்தும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே எடுத்தாள். லயத்துக்குப் பின்னால் மண் இறங்கி, எல்லோரும் பாடசாலையில் இருக்கிறார்களாம். உயிருக்குச் சேதமில்லை. ஆட்கள் வந்து படம் எடுக்கிறார்களாம்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “அக்கா, நீங்க முகாம்ல இருந்தீங்கல்ல. பொம்பளைங்க குளிக்கிறதுக்கு என்னா செஞ்சீங்க?”

செட்டிகுளம் முகாமில் நாங்கள் செய்ததைச் சொல்லத் தொடங்கினேன். நாலு தடி, இரண்டு சேலை, காவலுக்கு முறை வைத்து இரண்டு பேர். அவள் யாரிடமோ பேனை வாங்கி எழுதிக்கொண்டாள்.