சிம் அட்டைக்கு ஏற்ற மின்னழுத்தம்

கைப்பேசியில் ஒரு சிம் அட்டையைப் பொருத்துகிறோம். சிறிது நேரத்தில் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பெயர் திரையில் தோன்றுகிறது. அதற்குள் கைப்பேசி ஒரு வினாவிற்கு விடை கண்டிருக்க வேண்டும். இவ்வட்டைக்கு எவ்வளவு மின்னழுத்தம் வழங்க வேண்டும் என்பதே அவ்வினா.

சிம் அட்டையின் பொன்னிறத் தொடுமுனைகளுக்கு அடியில் ஒரு நுண்சில்லு உள்ளது. வாடிக்கையாளரை அடையாளம் காட்டும் எண்ணும் அதற்குரிய இரகசியக் குறியீடும் அதில் பதிவாகியுள்ளன. அச்சில்லுக்குத் தனி மின்கலம் இல்லை. கைப்பேசியே ஒரு தொடுமுனையின் வழியாக அதற்கு மின்சாரம் வழங்குகிறது.

1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டில் சிம் அட்டைகள் முதன்முதலாகப் பயன்பாட்டிற்கு வந்தன. தொடக்கக் கால அட்டைகள் 5 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்கின. சில்லுகளின் உட்கூறுகள் நுண்மையாக ஆக, 3 வோல்ட் அட்டைகளும் பின்னர் 1.8 வோல்ட் அட்டைகளும் தோன்றின. மின்னழுத்தம் பாதியானால், சில்லின் ஒவ்வோர் இயக்கத்திற்கும் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். அதனால் கைப்பேசியின் மின்கலம் நெடுநேரம் உழைக்கும். பன்னாட்டுத் தரவிதிகள் இம்மூன்று அளவுகளையும் முறையே ஏ, பி, சி வகுப்புகள் எனக் குறிப்பிடுகின்றன. இன்றைய கைப்பேசிகள் பெரும்பாலும் 3 வோல்ட், 1.8 வோல்ட் ஆகிய இரண்டையே வழங்குகின்றன.

மூன்று வகை அட்டைகளும் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அவ்வாறாயின், கைப்பேசி அவற்றை எவ்வாறு வேறுபடுத்தி அறிகிறது?

அது குறைந்த அளவிலிருந்து தொடங்குகிறது. தாங்கும் அளவிற்கு மிகுந்த மின்னழுத்தம் நுண்சில்லைப் பழுதாக்கக்கூடும். குறைந்த மின்னழுத்தத்தால் அத்தகைய கேடு விளைவதில்லை. ஆதலால், கைப்பேசி முதலில் 1.8 வோல்ட் வழங்குகிறது. பின்னர்க் கடிகாரத் துடிப்புகளை அனுப்பி, அட்டையைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருகிறது. இயங்கத் தொடங்கிய அட்டை, 40,000 துடிப்புகளுக்குள் தன் முதல் விடையை அனுப்ப வேண்டும். துடிப்புகள் நொடிக்கு 40 இலட்சம் எனில், இக்கால அளவு நொடியில் நூறில் ஒரு பங்கே ஆகும்.

விடை வராவிடில், கைப்பேசி மின்சாரத்தை முற்றிலும் நிறுத்துகிறது. குறைந்தது 10 மில்லிநொடி பொறுத்திருந்து, அடுத்த உயர் அளவான 3 வோல்ட்டை வழங்குகிறது. விடை வந்தாலும் கைப்பேசி அதனை ஆராய்ந்து பார்க்கிறது. தனக்கு ஏற்ற வகுப்பு எது என்பதை அட்டை அவ்விடையிலேயே தெரிவிக்க இயலும். 1.8 வோல்ட்டில் விடையளித்த அட்டை, தனக்கு 3 வோல்ட்டே உரியது எனத் தெரிவித்தால், கைப்பேசி மின்சாரத்தை நிறுத்திவிட்டு 3 வோல்ட்டில் மீண்டும் தொடங்குகிறது.

எந்த அளவிலும் விடை கிடைக்காதபோது, சிம் அட்டை இல்லை என்னும் அறிவிப்பு திரையில் தோன்றுகிறது. அட்டை பழுதாகிவிட்டது என உடனே முடிவு செய்துவிடக் கூடாது. தொடுமுனையில் படிந்த தூசியும் மின்சாரத்தைத் தடுக்கக்கூடும். கைப்பேசியை அணைத்து, அட்டையை வெளியே எடுத்து, உலர்ந்த மென்துணியால் துடைத்துச் சரியாகப் பொருத்திப் பார்க்கலாம்.

அட்டையின் தன்மை தெரியாதபோது சிறிய அளவில் தொடங்குதல், விடைக்குக் காத்திருத்தல், தேவையானால் மட்டுமே அளவை உயர்த்துதல் ஆகிய மூன்றுமே சில்லையும் அதில் பதிவான செய்திகளையும் காக்கின்றன.

சிந்தித்து விடை எழுதுக

1. கைப்பேசி முதலிலேயே 5 வோல்ட் வழங்கினால் நேரக்கூடிய தீங்கு யாது?

2. 1.8 வோல்ட்டில் விடை வந்த பின்னரும் கைப்பேசி ஏன் அதனை ஆராய்கிறது?