48 நிமிடக் கணக்கு

ஆறடிப் பையனை சென்டராக நிறுத்தினால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பஸ்ஸர்பீட்டரில் நான் தெரிந்தேதான் அப்படி நிறுத்துகிறேன்.

2007-ல் தொடங்கிய இந்த இணைய விளையாட்டில் நாம் கூடைப்பந்து அணியின் மேலாளர். ஆள் எடுப்பதும் சம்பளம் கொடுப்பதும் யாரை எங்கே இறக்குவது என்பதும் நம் பாடு. ஆட்டத்தைக் கணினி நடத்திக்கொள்ளும்.

பயிற்சி வாரத்துக்கு ஒன்றுதான். அதற்கென்று தனி மைதானமும் கிடையாது. அந்தப் பயிற்சிக்குரிய இடத்தில் அந்த வாரம் 48 நிமிடம் ஆடியவனுக்கே முழுப் பலன். பாஸிங் வளர பாயின்ட் கார்டாக ஆட வேண்டும். கூடையடியில் பந்து போடும் திறன் வளர வேண்டுமா, சென்டராக ஆட வேண்டும். எதிரே ஏழடி ஆள் நிற்பான், பையன் திணறுவான். அதனால் லீக் ஆட்டத்தில் அந்த வேலை வைத்துக்கொள்வதில்லை. வார நடுவே வரும் நட்பு ஆட்டத்தில் முழு நேரமும் விட்டுவிடுவேன். தோற்றாலும் புள்ளிப் பட்டியல் அசையாது. ஐயோ, ஃபவுல் வாங்கி வெளியேறாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் கவலை!

குட்டையானவர்களுக்கு இந்த உள்வேலை மெதுவாகத்தான் ஏறும். வயது கூடக் கூட எல்லாமே மந்தமாகும். ஒரு சீசன் 14 வாரம். அது முடிந்தால் பையனுக்கு ஒரு வயது கூடிவிடும். ஆகவே கடினமானதை 18 வயதிலேயே தொடங்கிவிடுவது என் வழக்கம்.

புதிதாக வருகிறவர்கள் நேரே ஜம்ப் ஷாட்டுக்குப் பாய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 20 புள்ளி போட்டுவிட்டு 25 கொடுக்கிற கார்டால் என்ன லாபம்? வெளித் தடுப்பு முதலில். பிறகு ‘ஒண்டிக்கு ஒண்டி’ பயிற்சி. பந்தைக் கையாளுவது, ஊடுருவுவது, ஷாட் மூன்றும் அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

இதையெல்லாம் யாருக்குச் செய்கிறோம் என்பதும் முக்கியம். ஒவ்வொருவனும் எவ்வளவு வளருவான் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அதில் அடிமட்டத்துக்கு ‘அனௌன்சர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மைக் பிடிக்கத்தான் லாயக்கு என்கிற குசும்பு. அப்படிப்பட்டவனை எத்தனை வாரம் தேய்த்தாலும் ஒரு கட்டத்தில் நின்றுவிடுவான்.

ஆசைப்பட்டு ஒருவனையே வாரத்தின் மூன்று ஆட்டத்திலும் இறக்காதீர்கள். 144 நிமிடம் ஆடினாலும் பயிற்சி மும்மடங்காகாது; உடல் நிலைதான் சரியும், சனிக்கிழமை லீக்கில் அது தெரியும்.