சிரம பரிகாரத்துக்கு ஒரு ஜாகை

கோடை விடுமுறை வந்ததும் பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்குச் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று தானாக வந்து சேருகிறது. அவர் கடலோர ஊரில் குடியிருப்பவராயிருந்தால் கேட்கவே வேண்டாம். உறவினர், உறவினரின் சிநேகிதர், சிநேகிதரின் சம்பந்தி ஆகிய எல்லோருக்கும் அவர் ஜாகை பார்த்துக் கொடுக்க வேண்டும். முன்னெல்லாம் கடிதம் வரும். இப்போது கைபேசியில் செய்தி வருகிறது. சங்கதி மட்டும் மாறவில்லை. "புதுச்சேரியில் நல்ல இடமாக ஒன்று பார்த்து வைக்கவும். கடல் தெரிய வேண்டும். வாடகை அதிகமாக இருக்கக் கூடாது."

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்கு அருகே பல வருஷங்களாகக் குடியிருக்கும் நாம், இந்தக் காரியத்தை வெகுகாலம் விளையாட்டாகவே செய்து வந்தோம். சென்ற கோடையில் நமது தமக்கையார் விஷயத்தில்தான் அது விளையாட்டல்ல என்று தெரிந்தது.

அக்காள் இருப்பது திருச்சிராப்பள்ளியில். அத்தான் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. பக்கவாதத்தில் விழுந்த மாமியாருக்கு ஐந்து வருஷ காலம் அக்காள் ஒருவரே பணிவிடை செய்தார். இரவில் மூன்று தடவை எழுந்து, கிழவியாரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சென்ற தை மாதத்தில் அந்த அம்மாள் இறைவனடி சேர்ந்தார். அன்று முதல் அக்காளுக்குத் தூக்கம் போய்விட்டது! வேலை இருந்தவரையில் ஓய்வில்லை; வேலை தீர்ந்த பிறகோ, ஓய்வெடுக்கத் தெரியவில்லை. வைத்தியர் பரிசோதித்துப் பார்த்து, "வியாதி ஒன்றுமில்லை. பத்து நாள் எங்கேயாவது போய்ச் சும்மா இருங்கள்" என்றார்.

சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் அக்காளின் பிள்ளை, தாயாரைக் கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றுக்கு அழைத்துப் போவதென்று தீர்மானித்தான். நீலக் கடல், வெள்ளை வெளேரென்ற வில்லா, முற்றத்தில் நீச்சல் குளம் - படங்கள் கூட அனுப்பினான். அக்காள் அவற்றைப் பார்த்துவிட்டு, "கடல் புதுச்சேரியில் இல்லையா? அங்கே தம்பியும் இருக்கிறான்" என்றார். உடனே மருமான் அந்தக் கிரேக்க வில்லாவுக்குரிய லட்சணங்களை எல்லாம் அப்படியே ஒரு ஜாபிதாவாக எழுதி நமக்கு அனுப்பிவிட்டான். கடைசி வரி: "மாமா, பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம்."

நமது தாயாருக்கு இது பிடிக்கவில்லை. "தம்பி வீடு இருக்கும்போது அக்காள் ஹோட்டலில் தங்குவதா? ஊர் என்ன சொல்லும்?" என்றார். நமக்கும் அது நியாயமாகவே பட்டது. நமது இல்லாள்தான் மறுத்துப் பேசினாள்.

"அண்ணி இங்கே வந்தால் மறுநாள் விடியற்காலையில் அரிசி களைய ஆரம்பித்துவிடுவார். வேண்டாமென்று நாம் சொன்னால் கேட்பாரா? நான் அவர் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தானே செய்கிறேன்?"

இருபது வருஷமாக நாம் அக்காள் வீட்டுக்குப் போய் இளைப்பாறிவிட்டு வருகிறோம். உடன் வந்தவள் அங்கே இளைப்பாறவில்லை என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது. தாயாரும் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அதுவும் வாஸ்தவந்தான்" என்றார்.

* * *

ஆகவே ஜாகை தேடப் புறப்பட்டோம். ஆனால் எதைக் கொண்டு தேர்வு செய்வது? இந்த இடத்தில் கிரேக்கத் தீவே நமக்குக் கைகொடுத்தது.

புதுச்சேரிக்கும் கிரேக்கத் தீவுகளுக்கும் உறவு புதிதல்ல. ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டில், 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து பார்த்தார். மேலைநாட்டு மது ஜாடிகளின் உடைந்த துண்டுகள் ஏராளமாக அகப்பட்டன. அவற்றில் கோஸ் என்னும் கிரேக்கத் தீவின் ஜாடி வகையும் உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தக் கோஸ் தீவில் பிறந்தவர்தான் வைத்தியத்தின் தந்தை என்று போற்றப்படும் ஹிப்பாக்ரட்டீஸ். அவர் பெயரால் வழங்கும் நூல்களில் ஒன்றுக்கு, "காற்று, நீர், இடம்" என்பது பொருள்படப் பெயர். புதிய ஊருக்குப் போகும் வைத்தியன், முதலில் அங்கே காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது, ஊர் சூரியனை எப்படி நோக்கியிருக்கிறது, நீர் எப்படிப்பட்டது, நிலம் எத்தகையது என்று பார்க்க வேண்டுமென்பது அதன் சாரம். நீச்சல் குளத்தைப் பற்றி அதில் பிரஸ்தாபமில்லை. எனவே மருமானின் ஜாபிதாவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இந்த மூன்றையும் பார்ப்பதென்று தீர்மானித்தோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பிரெஞ்சுக்காரர் பகுதிக்குப் போனோம். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து, ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். 1765-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து ஊரை மீண்டும் எழுப்பினார்கள். இன்று நாம் வியந்து பார்க்கும் மாளிகைகள் எல்லாம் அதற்குப் பிற்பட்டவையே. உயர்ந்த மதில், பெரிய வாயிற்கதவு, உள்ளே தோட்டம், தூண்கள் தாங்கிய தாழ்வாரம், ஆளுயரத்துக்கு மேற்பட்ட ஜன்னல்கள் - இதுதான் அவற்றின் அமைப்பு. பிரெஞ்சு வீடு வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் தோட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். தமிழ் வீடோ திண்ணையை நீட்டி வீதியை, "வா, உட்கார்" என்று அழைக்கும். கால்வாய்க்கு இப்புறமும் அப்புறமுமாக இவ்விரண்டு சுபாவங்களும் இருநூறு வருஷத்துக்கு மேலாக அண்டை வீடுகளாக வாழ்ந்து வருகின்றன.

அன்று நாம் பார்த்த வில்லா, படத்தில் இருந்தது போலவே அழகாயிருந்தது. காகிதப் பூக்கொடி கூட அப்படியே இருந்தது. ஆனால் படம் பிடித்தவர் எந்தப் பக்கம் திரும்பவில்லையோ, அந்தப் பக்கத்தில்தான் நமக்குக் காட்டிய அறை இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மின்சாரம் உண்டாக்கும் டீசல் யந்திரம். மாடிக்கு ஏறுவதற்குச் செங்குத்தான பத்தொன்பது படிகள். கைப்பிடி ஒரு பக்கந்தான். பகலில் மௌனம் குடிகொண்டிருந்த அந்த வீதிக்கு, ஒரு யோசனையின் பேரில் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மறுபடி போனோம். எதிர் மாடியில் கொட்டு முழக்கம்! வார முடிவில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் தூங்குவதற்காக வருவதில்லை. அது அவர்கள் குற்றமுமல்ல.

காற்று விஷயத்தையும் அங்கேதான் கற்றுக்கொண்டோம். கத்திரி வெயிலில் காலை முழுவதும் மேற்கிலிருந்து தரைக் காற்று அனலாக அடிக்கும். நடுப்பகலை ஒட்டிக் கடற்காற்று புறப்பட்டு வரும். கிழக்கிலோ தென்கிழக்கிலோ ஜன்னலும் அதற்கு எதிர்ச்சுவரில் இன்னொரு திறப்பும் உள்ள அறைக்குத்தான் அந்தப் பாக்கியம் உண்டு. மேற்குப் பார்த்த அறையில் எத்தனை குளிர்சாதன யந்திரம் வைத்தாலும், மின்சாரம் நின்ற மறுகணம் அது செங்கற்சூளைதான். இதை நன்கறிந்து கட்டிய கட்டிடம் ஒன்று புதுச்சேரியிலேயே இருக்கிறது. அரவிந்தாசிரமத்துச் சாதகர்களுக்காக ஆண்டனின் ரேமண்ட் என்ற சிற்பி திட்டமிட்டு, 1930-களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய 'கோல்கொண்ட்' விடுதியைத்தான் சொல்கிறோம். அதன் வடக்கு, தெற்கு முகங்களில் சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடும் படுக்கைப் பலகைகள் வரிசை வரிசையாக அமைந்திருக்கின்றன. வேண்டியபோது வீடு முழுவதும் ஜன்னலாகிவிடும். அது வாடகை விடுதியல்ல. நம்மைப் போன்றோர் அங்கே தங்க இயலாது. ஆனாலும் ஓய்வுக்கான வீடு எப்படியிருக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் வேறில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, கடற்கரை வீதியின் தெற்குக் கோடியில் ஆசிரமத்தார் நடத்தும் பார்க் கெஸ்ட் ஹவுஸுக்குப் போனோம். எதிரே கடல், புகை பிடித்தலும் மதுவும் உள்ளே வரக்கூடாது, இரவில் குறித்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். கட்டுப்பாடுகளைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பார்கள். எங்களுக்கோ அவை ஒவ்வொன்றும் அக்காளின் தூக்கத்துக்குப் போட்ட வேலியாகத் தோன்றின. ஆனால் நாங்கள் கேட்ட தேதிகளில் அறை காலியில்லை. இத்தகைய இடங்களுக்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும் என்ற அறிவோடு வீடு திரும்பினோம்.

* * *

அன்றிரவு, இந்த ஊரில் ஜாகை தேடி அலைந்த பெரியவர்களின் நினைவு வந்தது. 1910 ஏப்ரலில் வந்திறங்கிய அரவிந்தருக்குக் கோமுட்டி வீதியில் கலவை சங்கர செட்டியார் தமது வீட்டு மேல்மாடியை அளித்தார். 1908-ல் வந்து பத்து வருஷம் இங்கே வாழ்ந்த பாரதியாருக்கு வீடு கொடுத்தவர் விளக்கெண்ணெய்ச் செட்டியார். அவரைப் பற்றி வ.ரா. எழுதியிருப்பதை அறியாத தமிழர் இரார். வாடகை கேட்க வருவார்; பாரதியார் பாடிக்கொண்டிருப்பார்; கேட்டுவிட்டு வாய் திறவாமல் திரும்பிப் போய்விடுவார். போலீஸ் ஒற்றர்கள் தெருமுனையில் காத்திருந்த காலத்தில், அந்தக் கவிஞருக்குச் சிறிதாவது அமைதி கிடைத்ததென்றால், அது கட்டிடத்தின் சிறப்பாலா, கட்டிடக்காரரின் சிறப்பாலா? குயில் பாட்டுப் பிறந்த மாந்தோப்பும் நமது பேட்டைக் கிருஷ்ணசாமி செட்டியாருடையது என்பார்கள். காற்று, நீர், இடம் என்ற மூன்றோடு, ஹிப்பாக்ரட்டீஸ் விட்டுவிட்ட நான்காவது ஒன்றும் உண்டு என்று அப்போது பட்டது. அது மனிதர்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வெகுதூரம் போகவில்லை. முத்தியால்பேட்டைக்குக் கிழக்கே, சோலை நகர்ப் பக்கத்தில், வயதான தம்பதிகள் தங்கள் வீட்டில் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். பழைய ஓட்டு வீடு. முன்னால் திண்ணை, நடுவே முற்றம். தரைமட்டத்தில் கிழக்கு பார்த்த அறை. கடல் கண்ணுக்குத் தெரியாது. இரவில் காதுக்குக் கேட்கும். ஸ்நான அறையில் வழுக்காத தரையும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருந்தன. குழாய் நீரை வாயில் விட்டுப் பார்த்தோம், சற்றே கரித்தது. குடிப்பதற்கு வேறு நீர் வைத்திருந்தார்கள்.

நாம் சுவரையும் கூரையையும் பரிசோதித்துக்கொண்டிருக்கையில் நமது இல்லாள் வீட்டு அம்மாளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இங்கே காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "எழுந்த பிறகு சொன்னால் காபி வரும். சொல்லாவிட்டால் நாங்கள் கதவைத் தட்டுவதில்லை. ஒன்று மட்டும், அடுப்பங்கரைக்குள் யாரையும் விடமாட்டேன்."

"இதுதான் இடம்" என்றாள் நமது இல்லாள்.

* * *

நேயர்களில் யாராவது இப்படி இடம் தேட நேர்ந்தால், எங்கள் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லி வைக்கிறோம். படத்தை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். உங்களுக்குக் கொடுக்கப்போகும் அறையின் ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். இடத்தைப் பகலில் ஒரு தடவையும் இரவில் ஒரு தடவையும் பாருங்கள். பஞ்சாங்கத்தையும் பாருங்கள்: மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும். அது தரிசிக்க வேண்டிய திருநாள், ஓய்வுக்குரிய நாளல்ல. வருஷக் கடைசி வாரமும் அப்படியே. ஐப்பசி முதல் மார்கழி வரையில் புயலையும் மனத்தில் வைக்க வேண்டும். 2011 டிசம்பரில் 'தானே'யும், 2024 நவம்பர் கடைசியில் 'பெஞ்சல்' புயலும் இந்தக் கரையோரத்தை என்ன பாடு படுத்தின என்பதை நாங்கள் மறக்கவில்லை. கடற்கரை வீதியில் மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகள் வரக்கூடாதென்பதால் முதியோர் அச்சமின்றி உலாவலாம். ஆனால் அலையில் இறங்கிக் குளிக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இடத்தில் உங்கள் வீட்டுப் பெண்மணிக்கு வேலை ஏதாவது இருக்குமா என்று யோசியுங்கள். இருக்குமானால், அது எவ்வளவு அழகான வில்லாவானாலும் இன்னொரு சமையலறைதான்.

நிற்க. அக்காள் வைகாசி முதல் வாரத்தில் வந்து சேர்ந்தார். முதல் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, யாரைப் புரட்டிப் படுக்க வைப்பதென்று தெரியாமல் இருட்டில் நின்றாராம். மூன்றாம் நாள் சமையலறை வாசல் வரை போய், வீட்டு அம்மாளின் கண்டிப்புக்கு அஞ்சித் திரும்பினாராம். நான்காம் நாள் மாலையில் நாம் போனபோது திண்ணையில் உட்கார்ந்து, வீதியில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, ஒன்றுமே செய்யாமல் இருந்தேன். பொழுது போய்விட்டதே!" என்றார், ஏதோ திருட்டுத்தனம் செய்துவிட்டவரைப் போல.

எட்டாம் நாள் காலை, அக்காளைக் கடற்கரைக்கு அழைத்துப் போவதற்காக ஆறரை மணிக்கே போனோம். வீட்டு அம்மாள் வாசலிலேயே உதட்டில் விரலை வைத்து நம்மைத் திண்ணையில் உட்கார வைத்தார். மணி ஏழாயிற்று, ஏழரையும் ஆயிற்று. அச்சமயம் சிங்கப்பூரிலிருந்து மருமான் கூப்பிட்டான்.

"என்ன மாமா, அம்மா டெலிபோனை எடுக்கவில்லையே? உடம்புக்கு ஒன்றுமில்லையே?"

"தூங்குகிறாரப்பா" என்றோம்.

மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு தாழ்ந்த குரலில், "எழுப்ப வேண்டாம், மாமா" என்றான்.