பிள்ளைகள் இல்லாத முதல் கிறிஸ்துமஸ்



டிசம்பர் பிறந்ததும் நம் கிறிஸ்துவக் குடும்பங்களின் வாசலில் காகித நட்சத்திரம் ஏறிவிடும். ஏணி வைத்து அதைக் கட்டுகிற பையன் இந்த வருஷம் சிங்கப்பூரில் இருக்கிறான். குடில் ஜோடிக்கிற மகள் கோலாலம்பூரில் ஏதோ ஹோட்டலில் வேலை. "லீவு கிடைக்கலம்மா" என்று போன் வந்த நாளிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை, அப்பா வாயே திறப்பதில்லை. முதல் தடவையாகப் பிள்ளை முகம் பார்க்காமல் பெருநாளைக் கழிக்கப் போகிறவர்களுக்கே இம்மாத நலப் பகுதி.

இது நோயல்ல. இருபது வருஷம் பெருநாள் என்றால் பிள்ளைக்கு என்ன துணி, என்ன பலகாரம் என்றே ஓடிய மனசு, திடீரென்று வேலையில்லாமல் நிற்கிறது. தவிக்கத்தான் செய்யும். தூக்கம் கெடும், பசி மந்தமாகும், சின்னப் பேச்சுக்கும் கண்ணீர் வரும். வந்தால் வரட்டும். பக்கத்தில் இருப்பவர் புத்தி சொல்ல வேண்டாம், கூட உட்கார்ந்தால் போதும். ஆனால் நெஞ்சு இறுகி, வியர்த்துக் கொட்டி, வலி கைக்கோ தாடைக்கோ போனால் அதை மனக்கவலை என்று விட்டுவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"பெத்தவளைப் பார்க்க ஒரு நாள் கிடைக்கலையா?" என்ற கோபமும் வரும். சட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். மலேசியாவில் வேலைக்குச் சேர்ந்து 2 வருஷம் ஆகாதவருக்குச் சட்டம் தருகிற குறைந்தபட்ச ஆண்டு விடுப்பு 8 நாள். சிங்கப்பூரில் முதல் வருஷம் 7 நாள், அதுவும் 3 மாதம் வேலை பார்த்த பிறகே. இரண்டு நாட்டிலும் கிறிஸ்துமஸுக்குப் பொது விடுமுறை ஒரே நாள்தான். ஹோட்டலும் ஆஸ்பத்திரியும் அன்றைக்கும் மூடுவதில்லை. புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைக்குத்தான் பெருநாள் ஷிப்ட் விழும். பாசம் குறைந்ததென்று இதற்கு அர்த்தமில்லை. (விடுமுறை நாளில் வேலை செய்தால் கூடுதல் சம்பளம் உண்டு. அது கைக்கு வந்ததா என்று பிள்ளையைக் கேளுங்கள். சங்கப் பத்திரிகையில் இதைச் சொல்லாமல் விட முடியுமா!)

போன் விஷயத்தில்தான் பலர் தங்களையே நோகடித்துக் கொள்கிறார்கள். எப்போது அடிப்பான் என்று காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். அவன் ஷிப்ட் முடியும் நேரத்தைக் கேட்டு, "அந்த மணிக்குப் பேசுவோம்" என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பேசும்போது, "எங்களை மறந்துட்டே" என்றால் அவன் அடுத்த தடவை போனை எடுக்கவே தயங்குவான். "ஒண்ணும் இல்லப்பா, நல்லாதான் இருக்கோம்" என்று முழுப் பொய்யும் வேண்டாம். "நீ இல்லாம வீடு வெறிச்சுன்னு இருக்குடா. அப்பாவும் நானும் பூசைக்குப் போய்ட்டு வந்தோம். நீ பசியாறிட்டியா?" இவ்வளவு போதும். அவனும் அங்கே வாடகை அறையில் தனியாகத்தான் இருக்கிறான்.

மிகவும் கனக்கிற நேரம் 25-ஆம் தேதி பகல் அல்ல. நள்ளிரவுப் பூசை முடிந்து இருட்டிக் கிடக்கிற வீட்டுக்குத் திரும்புகிற நேரம்தான். போகும்போதே விளக்கைப் போட்டுவிட்டுப் போங்கள். அண்டை வீட்டாரோடு சேர்ந்து திரும்பி, ஒரு வீட்டில் உட்கார்ந்து கோப்பி குடியுங்கள். மறுநாள் சமையலைப் பாதியாகக் குறைத்தாலும் அடுப்பை மூட்டாமல் இருக்காதீர்கள். தீபாவளிக்குத் தட்டு அனுப்பிய வீட்டுக்கு நீங்கள் தட்டு அனுப்ப வேண்டாமா? நம் தோட்டத்தில் வேலை செய்கிற வெளிநாட்டுத் தொழிலாளர்களிலும் பிள்ளைகளை ஊரில் விட்டு வந்தவர்கள் உண்டு. எத்தனையோ பெருநாளை இப்படியே கழித்தவர்கள் அவர்கள். ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

முறுக்கை டின்னில் போட்டு வையுங்கள், நட்சத்திரத்தையும் இறக்க வேண்டாம். கிறிஸ்து பிறப்புக் காலம் 25-ஆம் தேதியோடு முடிவதில்லை. மூவரசர் திருநாளைத் தாண்டி ஜனவரியிலும் தொடர்கிறது. அதற்குள் பிள்ளைக்கு லீவு கிடைக்கிற ஒரு நாளைக் குறித்து அன்று குடும்பமாய்க் கொண்டாடலாம். தேதி ஒன்று கையில் இருந்தாலே மனம் பாதி அடங்கும்.

அப்பாமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குடித்தால் தூக்கம் வருவது உண்மைதான், ஆனால் நடுச்சாமத்தில் அதுவே எழுப்பிவிடும். மறுநாள் மனம் இன்னும் சோரும். இனிப்பு நீருக்கு ஊசியோ சில வகை மாத்திரையோ எடுப்பவர் சாப்பிடாமல் குடித்தால் இரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். பார்ப்பவர் போதை என்று நினைத்துப் படுக்க வைத்துவிடுவார்கள், அதில் உயிரே போகலாம். நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 999-க்கு அடியுங்கள்.

பெருநாள் போய் இரண்டு வாரம் ஆகியும் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் ஆசையில்லை என்றால் கிளினிக் கெசிஹத்தானுக்குப் போய் டாக்டரிடம் சொல்லுங்கள். பிரஷருக்கு மருந்து வாங்க வெட்கப்படுகிறோமா? இதற்கும் வேண்டாம். "இருந்து என்ன பயன்" என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். சிங்கப்பூரில் இருக்கிற பிள்ளைக்கு எண் 1767, அதுவும் 24 மணி நேரமும் உண்டு. அன்றைக்குப் பேசும்போது குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.